வடக்கனந்தலில் ஒரு போர்க்கப்பல்

கரும்பு அரவை நின்ற மறுநாள் காலை, பல் விளக்கிய வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டே தமிழரசன் அறிவித்தான்.

"மணி, நான் ஒரு போர்க்கப்பல் கட்டலாம்னு இருக்கேன்."

மணிமொழி தோசையைத் திருப்பிப் போட்டாள். பேர்தான் மணிமொழி. ஒரு நாள் முழுக்க அவள் பேசுகிற பேச்சைச் சேர்த்தால் ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம், குச்சிகளைக் கொட்டாமலே. கல்யாணமான புதிதில், அடுத்த வீட்டுக்காரர்கள் இவளுக்குப் பேச்சே வராது போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டு மாம்பழம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டாள். "பேசுவேன்" என்று சொல்வதற்குக் கூச்சம்.

தவிர, இந்த மாதிரி அறிவிப்பு அவளுக்குப் புதுசும் இல்லை. தமிழரசனுக்குச் சர்க்கரை ஆலை எடைமேடையில் வேலை. கரும்பு வண்டி வருகிற மாதமெல்லாம் அவனைப் போல ஒழுங்கான மனுஷன் ஊரில் கிடையாது. ஆலையில் அரவை நின்றதோ இல்லையோ, அவன் மண்டைக்குள் அரவை ஆரம்பித்துவிடும். முந்தின வருஷம் தேனீ. மலையிலிருந்து பெட்டியோடு இறக்கினான். தேன் வரவில்லை, பால்காரர் வருவதும் நின்றது. போன வருஷம் காளான். வைக்கோல் பைகளைக் குளிக்கிற ரூமில் கட்டித் தொங்கவிட்டான். காளானும் முளைக்கவில்லை, வீட்டில் யாரும் குளிக்கவும் இல்லை.

இந்த வருஷம் கப்பல். வடக்கனந்தலுக்குக் கடல் தெரியாது. மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. கோமுகி அணை நிரம்பினால் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு, பொரி தின்றுவிட்டு வருவார்கள். ஊரின் கடல்வழிப் பயணமெல்லாம் அதோடு சரி.

"எந்தக் கப்பலுங்க?" என்றாள் கடைசியில். தோசை கருகிவிட்டது.

"போன்ல பாத்தேன் மணி. ஒரு பெரிய நாடு. பெரிய சண்டைக்கு முன்னால, உலகத்துலயே பெரிய போர்க்கப்பல் கட்டணும்னு பிளான் போட்டான். நம்ம பஸ் ஸ்டாப்புல ஏறினா ஏரிக்கரை வரைக்கும் கப்பல் மேலயே நடந்து போவலாம். அவ்ளோ நீளம். ஆனா ஆரம்பிச்சதோட சரி. கட்டல."

"கட்டலியா?"

"கட்டி முடிக்கவே இல்ல. அதாம் விசேஷம். கட்டின கப்பல எவன் வேணா செய்வான். கட்டாத கப்பல செய்யறதுக்கு ஒரு இது வேணும்."

எது வேணும் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியது வேறு.

அவளுக்கு வேண்டியது முன்ரூம். தெருவைப் பார்த்த ரூம், பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம். அவளுடைய தையல் மெஷின் கல்யாணமான நாளிலிருந்து அடுப்பங்கரையில் கிரைண்டருக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. அவள் தையல் சுத்தம். கழுத்து ஒரு நூல் இறங்காது, கை ஒரு நூல் பிடிக்காது. ஆனால் அவள் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போன ஒருத்தியை, "இன்னாக்கா, ரசம் வாசன வருது" என்று பந்தியில் கேட்டுவிட்டார்கள். அந்தச் சேதி வந்த அன்று மணிமொழி சாப்பிடவில்லை. அரவை முடியட்டும், முன்ரூம் உனக்குத்தான் என்று பொங்கலன்று தமிழரசன் வாக்குக் கொடுத்திருந்தான்.

"முன்ரூமு..." என்றாள்.

"கரெக்டா புடிச்ச. முன்ரூம்லதான் கட்டறேன். பத்தடி ரூமு, ஒம்போதடி கப்பலு. அளந்து வெச்ச மாதிரி இருக்கு பாரு."

"எனக்குன்னு சொன்னீங்க."

"உனக்குத்தான். கப்பல் முடிஞ்ச அன்னிக்கே உனக்கு."

"எப்ப முடியும்?"

"அவ்ளோ பெரிய நாடு, அவங்களாலயே முடிக்க முடியல மணி. நான் ஒத்த ஆளு."

*

கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் பிளானைப் பிரிண்ட் எடுத்து வந்தான். துண்டு துண்டாக வந்ததைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிச் சுவர் முழுக்க விரித்தான். பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அவள் தெரு மகளிர் குழுவுக்குத் தலைவி. அவளுக்குத் தெரியாமல் அந்தத் தெருவில் ஒரு பால் பாக்கெட்டைக் கூடப் பிரிக்க முடியாது.

"இன்னா தமிழு, மாடி எடுக்கறியா?"

"இது கப்பலுக்கா."

"எத்தினி ரூமு வருது?"

"ஆயிரத்துச் சொச்சம்."

"கொழந்தையோட சேத்து மூணு பேரு. எதுக்குப்பா அத்தினி ரூமு? பெருக்கறது யாரு?"

சர்புதீன் பாய் கடையிலிருந்து பிளைவுட் வந்தது. பாய் அனுபவஸ்தர். ஊரில் பாதி வீட்டுக் கதவு அவர் பலகைதான். "தம்பி, கப்பல் எது மேல நிக்கும்? தரையிலயா? கப்பலுக்கு அடியில தண்ணி வேணாமா?" என்று கேட்டார். தமிழரசன் யோசித்தான். முழு பிளைவுட் ஒன்றை நாலு கால் போட்டு நிறுத்தி, நீலப் பெயின்ட் அடித்து, வெள்ளையில் அலை வரைந்தான். கடல் தயார். கடல் எட்டு அடி. கப்பல் ஒன்பது அடி. ஆகவே கப்பலின் மூக்கு கடலைத் தாண்டி வாசல் கதவுப் பக்கம் நீட்டிக்கொண்டது. அன்றிலிருந்து கதவு பாதிதான் திறந்தது. வீட்டுக்குள் வருகிறவர்கள் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கி, நண்டு மாதிரி நுழைந்தார்கள்.

அதற்குப் பிறகு வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்தன.

முதலில் போனது இட்லித்தட்டு.

"அதுல இட்லி ஊத்தணுங்க."

"பீரங்கி மேடை. வட்டம், அதுக்குள்ள குழி. பிளான்ல அப்படியே இருக்கு மணி, வந்து பாரு."

வந்து பார்த்தாள். இட்லித்தட்டு மாதிரிதான் இருந்தது. அந்த வீட்டில் அப்புறம் உப்புமாதான். எவர்சில்வர் டம்ளர்கள் புகைபோக்கி ஆயின. ஜல்லிக்கரண்டி உச்சியில் ஏறி எதிரியைத் தேடியது. தையல் மெஷினின் பாபின்கள் சின்னப் பீரங்கிக்குச் சக்கரமாகப் போய்விட்டன. இரண்டு வயசு மகள் நிலவரசியின் ஒற்றைக் கொலுசு, நங்கூரச் சங்கிலி. குழந்தை ஒரு காலில் சத்தத்தோடும் ஒரு காலில் சத்தமில்லாமலும் நடந்தது.

எடுக்கும்போதெல்லாம் "பிளான்ல இருக்கு" என்பான். அவள் எதையாவது கேட்டால் அதற்கும் பதில் தயாராக இருந்தது.

"கொழா சொட்டுதுங்க."

"பிளான்ல இல்ல."

"கொடிக்கயிறு அந்துபோச்சி. கப்பல்ல ஒரு ஓரமா துணி காயப்போட்டுக்கட்டுமா?"

"போர்க்கப்பல்ல பாவாட காயறதா? பிளான்ல இல்ல மணி."

"மூக்க மட்டும் ஒரு அடி கொறைச்சீங்கன்னா கதவு தொறக்கும்."

அன்று தமிழரசன் உண்மையிலேயே வருத்தப்பட்டான். உளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "ஒரு அடியா? நூறு அடி கேக்கற மணி. கப்பல் கணக்குல நூறு அடி. அவங்க கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

கேட்க யார் வரப்போகிறார்கள் என்று அவள் நாக்கு நுனி வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

*

ஆடி பிறக்க இருந்தது. அம்மன் கோயில் கூழ் ஊற்றுகிற அன்று, குழுப் பெண்கள் முப்பது பேரும் ஒரே மஞ்சள் சேலையில் பால்குடம் எடுப்பதாக முடிவு. சேலை வந்துவிட்டது. ஜாக்கெட் தைக்கணும். செல்லியம்மாள் நண்டு மாதிரி நுழைந்து, கப்பல் மூக்கில் தோளை இடித்துக்கொண்டு, அடுப்பங்கரைக்கு வந்தாள்.

"ஏம்மா மணி, ஒளிக்காம சொல்லிடறேன். உன் கையி மாதிரி கை கள்ளக்குறிச்சியிலயும் கெடையாது. ஆனா போன தபா இங்க அளவு குடுத்துட்டு வூட்டுக்குப் போனா, என் முந்தானையில கருவேப்பில. எங்க வூட்டுக்காரரு, எங்க சாப்ட்டுட்டு வர்றனு கேக்கறாரு."

மணிமொழி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வெள்ளிக்கெழம சாயந்தரம் முப்பது பேரும் அளவு குடுக்க வரோம். நிக்க எடம் இருக்கணும், வெட்ட மேசை இருக்கணும், போட்டுப் பாக்க ஒரு மறைப்பு இருக்கணும். இருந்தா எல்லாம் உனக்குத்தான். இந்தத் தபா மட்டும் இல்ல, வருஷா வருஷம். இல்லனா டவுனுக்குப் போறோம். அப்பறம் என்ன கோச்சிக்காத."

"இல்லக்கா..."

"இருக்குனு சொல்லு."

"...இருக்குக்கா" என்றாள் மணிமொழி. சொல்லிவிட்ட பிறகுதான் பயம் வந்தது.

அன்று மாலை சர்புதீன் பாய் தன் பலகை என்ன கதியில் இருக்கிறது என்று பார்க்க வந்தார். கப்பலைச் சுற்றி வர வழியில்லாததால் நின்ற இடத்திலிருந்தே பார்த்தார். "மாஷா அல்லாஹ்" என்றார். தமிழரசனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாய், இதுல என் சொந்தச் சரக்கு ஒண்ணு கெடையாது. அவங்க இன்னா செஞ்சாங்களோ அதாம் நானும். அவங்க செய்யாதத நான் செய்ய மாட்டேன். செஞ்சத வுட மாட்டேன். ஒரு இன்ச் பிசகினா என்ன கேளுங்க. நீங்கதான் சாட்சி."

"நான் சாட்சிப்பா" என்றார் பாய், டீயை எதிர்பார்த்து.

டீ வந்தது. வழக்கமாக டம்ளரை வைத்துவிட்டு மறைந்துவிடுகிற மணிமொழி, கதவுக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்துக்கொண்டு நின்றாள். டம்ளர் இல்லாததால் டீ சொம்பில் வந்திருந்தது.

"அப்பறம் இன்னாங்க ஆச்சி?" என்று கேட்டாள்.

தமிழரசன் திரும்பிப் பார்த்தான். கப்பலைப் பற்றி அவளாகக் கேட்ட முதல் கேள்வி. அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"கேளு மணி, கேளு. பெரிய ஷெட்டு போட்டு கட்ட ஆரம்பிச்சாங்க. அடிப்பாகம் எழும்பிடுச்சி. அப்ப பாத்து சண்ட வந்துடுச்சி. கப்பலா முக்கியம்? இரும்பு வேணுமே. எல்லாத்தையும் பிரிச்சிட்டாங்க."

"எல்லாத்தையுமா?"

"ஒரு ஆணி மிச்சம் வெக்கல. கொஞ்சம் பாலம் கட்டப் போச்சி. கொஞ்சம் வண்டிக்குப் போச்சி. சோறாக்கற பாத்திரம் செய்யக்கூட எடுத்துக்கினாங்களாம்."

"பாத்திரத்துக்கா?"

"ஆமா. பிளான மட்டும் மடிச்சி பொட்டியில வெச்சிட்டாங்க."

"அந்த எடம்? ஷெட்டு?"

"அத ஏன் சும்மா வுடறாங்க. அப்ப இன்னா அவசரமோ அந்த வேல அங்க நடந்துச்சி."

"ஓ" என்றாள் மணிமொழி. உள்ளே போய்விட்டாள்.

"தங்கமான பொண்ணுப்பா" என்றார் பாய்.

"இப்பதான் பாய் அவளுக்குக் கப்பல் மேல ஒரு புடிப்பு வந்திருக்கு" என்றான் தமிழரசன்.

*

வெள்ளிக்கிழமை காலை அவன் கரியாலூருக்குக் கிளம்பினான். கப்பலுக்குக் கொடிமரம் வேண்டும். அதற்குக் கல்வராயன் மலை மூங்கில்தான் சரி, நாலு தலைமுறைக்கு வளையாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கரியாலூரில் சடையன் என்று ஒரு சிநேகிதன், அவன் வீட்டுக் கொல்லையில் மூங்கில் குத்து இருந்தது. மணிமொழி எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தாள். ரெண்டு வேளைக்குக் கட்டியிருந்தாள்.

"அவ்ளோ தூரம் போறீங்க, பொறுமையா வாங்க. அருவியில குளிச்சிட்டு வாங்க."

"நீயும் வந்திருக்கலாம்."

"வேல இருக்குங்க."

அவன் ஏறிய வெள்ளிமலை பஸ் கிளம்பிய சத்தம் அடங்குவதற்குள் அவள் செல்லியம்மாள் வீட்டு வாசலில் நின்றாள். ஒரு இடுப்பில் நிலவரசி, ஒரு கையில் ஸ்குரூ டிரைவர்.

"அக்கா, கொஞ்சம் ஆளு வேணும்."

"எதுக்குமா?"

"சண்ட வந்துடுச்சிக்கா" என்றாள் மணிமொழி. வெட்கத்தில் காது சிவந்துவிட்டது.

செல்லியம்மாள் ஒரு கூப்பாடு போட்டாள். தெருவே வந்தது. வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. ஒருத்தி சுத்தியல், ஒருத்தி அரிவாள்மணை, ஒருத்தி குறடு. மணிமொழி முதலில் நிலவரசியை ஒருத்தி இடுப்பில் ஏற்றி, கையில் பிளானின் ஒரு துண்டைக் கொடுத்து, பாயைக் கூட்டிவரக் கடைக்கு அனுப்பினாள். பாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"பாய், அன்னிக்கு அவரு சொன்னது ஞாபகம் இருக்குங்களா?" கதவுக்குப் பின்னால் இருந்துதான் கேட்டாள்.

"இன்னாமா?"

"அவங்க செஞ்சத வுட மாட்டேன்னாரு. நீங்கதான் சாட்சினாரு."

பாய் கப்பலைப் பார்த்தார். சுத்தியல்களைப் பார்த்தார். தாடியைத் தடவினார். புரிந்தது. புரிந்ததும் வாசலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "ரம்பம் வேணும்னா கடையில இருக்கு" என்றார்.

இட்லித்தட்டு முதலில் இறங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். அதற்கப்புறம் மணிமொழிக்கு என்ன வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. "அக்கா, அந்தப் பீரங்கிக் கொழாய ஒடைக்காதீங்க, தெர மாட்டணும்." "ஆணிய டப்பாவுல போடுங்க." "அந்தப் பலகை நீளமா இருக்கட்டும், அது வாசலுக்கு." ஒரு தீப்பெட்டி பேச்சுக்காரி, அன்று மதியத்துக்குள் ஒரு பெட்டிக்கடை அளவுக்குப் பேசிவிட்டாள். எந்தத் திருகாணி எங்கே இருக்கிறது, எது எதன் மேல் நிற்கிறது என்று அவளுக்கு அத்துப்படி. ரெண்டு மாசம் அடுப்பங்கரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவள் இல்லையா.

ஜல்லிக்கரண்டி இறங்கியது. டம்ளர்கள் இறங்கின. பாபின்கள் மெஷினுக்குத் திரும்பின. கொலுசு குழந்தை காலுக்குப் போனது. நிலவரசி ரெண்டு காலிலும் சத்தம் வருகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தபடி நடந்தது. கடைசியில் கப்பல் மூக்கைக் கழற்றினார்கள். செல்லியம்மாள் கதவைப் பிடித்துத் தள்ளினாள். கதவு ரெண்டு மாசத்துக்கு அப்புறம் முழுசாகத் திறந்து சுவரில் போய் முட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்க மணிமொழிக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. இன்னொரு தடவை சாத்தித் திறக்கச் சொன்னாள்.

*

தமிழரசன் சாயந்தரம் வந்தான். ஒரு முழ மூங்கில் கேட்டால் முழு மூங்கிலைத்தான் வெட்டுவேன், அரைகுறையாக வெட்டினால் குத்து பாழாகிவிடும் என்று சடையன் சொல்லிவிட்டான். ஆகவே முழு மூங்கிலோடு வந்தான். பஸ் மேலே கட்டி, வளைவுக்கு வளைவு கண்டக்டரிடம் திட்டு வாங்கி, தோளில் சுமந்து தெருமுனையில் திரும்பும்போதே கத்தினான்.

"மணி, கொடிமரம் வந்துடுச்சி."

மூங்கிலை வாசலில் போட்டான். பழக்கத்தில் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கி, நண்டு மாதிரி உள்ளே நுழைந்தான். அகலத் திறந்து கிடந்த கதவுக்குள், முட்ட எதுவுமில்லாமல், முன்ரூமின் நடுவில் போய் அப்படியே நின்றான்.

கடல் இருந்தது. கடலின் மேல் மஞ்சள் துணி விரிந்து கிடந்தது. கடலைச் சுற்றி முப்பது பெண்கள். ஜன்னலோரம் தையல் மெஷின். மூலையில் பீரங்கிக் குழாயில் தொங்கிய திரைக்குப் பின்னால் யாரோ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கப்பல்?" என்றான்.

மணிமொழி கழுத்தில் இஞ்ச் டேப் மாலை மாதிரி தொங்கியது. வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். பிறகு, முப்பது பேர் பார்க்க, வாழ்க்கையிலேயே நீளமான பேச்சைப் பேசினாள்.

"நீங்க சொன்னபடியே செஞ்சிட்டோங்க. ஒரு ஆணி மிச்சம் வெக்கல. கொஞ்சம் பாலத்துக்குப் போச்சுன்னீங்க, வாசல் சாக்கடை மேல நடக்கப் பலகை போட்டாச்சி. வண்டிக்குப் போச்சுன்னீங்க, மத்த சக்கரமெல்லாம் பாப்பா நடவண்டிக்கு. பாத்திரத்துக்குப் போச்சுன்னீங்க, நாளைக்கு இட்லிங்க. பிளான மடிச்சி பீரோ மேல பொட்டியில வெச்சிருக்கேன். ஷெட்டுல அவசரமான வேல நடக்குது."

தமிழரசன் வாசல் பக்கம் திரும்பினான். "பாய், நீங்களாவது..."

"நான் காலையில இருந்து ஒக்காந்து பாத்தேன்பா" என்றார் சர்புதீன் பாய், டம்ளரில் டீ குடித்தபடி. "ஒரு இன்ச் பிசகல."

தமிழரசன் லேசில் விடுகிறவன் இல்லை. எடைமேடையில் எத்தனையோ பேரிடம் வாதாடியவன். யோசித்து ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தான்.

"அவங்க சும்மா பிரிக்கல. சண்ட வந்துச்சி, அதனால பிரிச்சாங்க. இங்க இன்னா சண்ட வந்துச்சி?"

"தமிழு" என்றாள் செல்லியம்மாள். கையில் இன்னும் சுத்தியல் இருந்தது. "ஆடி பால்குடத்துக்கு முப்பது பேருக்கும் ஜாக்கெட்டு இல்லனா இன்னா வரும்னு நெனைக்கற?"

அவன் முப்பது முகங்களையும் பார்த்தான். வரும் என்றுதான் தோன்றியது.

"கடல் மட்டும் ஏன் இருக்கு? அதையும் பிரிக்க வேண்டியதுதான" என்றான் கடைசிச் சக்தியைத் திரட்டி.

"அவங்க கடல பிரிக்கலியேங்க" என்றாள் மணிமொழி.

திரைக்குப் பின்னால் சிரிப்பு வெடித்தது. அது அப்படியே ரூம் முழுக்கப் பரவி, தெருவுக்கும் போனது. பாய் டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். தமிழரசன் நீலக் கடல் ஓரத்தில் உட்கார்ந்தான். அவனுக்கும் உதட்டோரம் துடித்தது. அடக்கிக்கொண்டான்.

*

கூழ் ஊற்றுகிற அன்று முப்பது மஞ்சள் சேலையும் முப்பது ஜாக்கெட்டும் பால்குடத்தோடு தெருவில் வந்தபோது, கழுத்து ஒரு நூல் இறங்கவில்லை, கை ஒரு நூல் பிடிக்கவில்லை. ரசம் வாசனை கிடையாது. சந்தனம் மட்டும்தான். வேடிக்கை பார்க்கக் கச்சிராயபாளையத்திலிருந்து வந்தவர்கள் கூட, யார் தைத்தது என்று கேட்டுத் தெருவுக்குள் வந்தார்கள். மணிமொழி நிலவரசியைத் தூக்கிக்கொண்டு வாசல் பலகையில் நின்றாள். கேட்டவர்களுக்கெல்லாம் அவளே பதில் சொன்னாள், கதவுக்குப் பின்னால் போகாமல்.

ஊக்கு தைக்கிற வேலையைத் தமிழரசன் எடுத்துக்கொண்டான். யாரும் சொல்லவில்லை. வேறு வேலை இல்லை, அரவை தொடங்க இன்னும் நாள் கிடந்தது. ஸ்கேல் வைத்து அளந்து அளந்து தைத்தான். இவன் தைத்த ஊக்கு ஒன்றுகூடப் பிதுங்கவில்லை என்று செல்லியம்மாளே ஒப்புக்கொண்டாள்.

கொடிமரம் வீண் போகவில்லை. வாசலில் குழி தோண்டி நட்டார்கள். மிச்சமிருந்த பிளைவுட்டில் தமிழரசனே போர்டு செய்து, ஏணி போட்டு ஏறி, சிவப்பு பெயின்ட்டில் "மணிமொழி தையலகம்" என்று எழுதினான். எழுத்து முத்து முத்தாக வந்தது. போர்டின் கீழ் மூலையில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு இடம் மிச்சமிருந்தது. அவன் அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். தெருவில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஜன்னல் பக்கம் குனிந்தான்.

"மணி."

"இன்னாங்க?"

"இந்த மூலையில சின்னதா, ரொம்பச் சின்னதா, ஒரு கப்பல் படம் போட்டுக்கட்டுமா?"

மெஷின் நின்றது. மணிமொழி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். போர்டை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பாபினை மாற்றிக்கொண்டே சொன்னாள்:

"பிளான்ல இல்லீங்க."